ஏழாம் செல்லின் அடர்த்தி

தொலைக்காட்சியில் வானிலை சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். வீட்டில் இருப்பவர்கள் அதை என் கிறுக்குகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். இன்ன ஊரில் இத்தனை டிகிரி என்று காதில் விழுந்ததும் என் மண்டைக்குள் ஒரு நான்கு இலக்க எண் வந்து நிற்கிறது. முப்பத்தொன்று என்றால் 1237. இருபத்துமூன்று என்றால் 1243. வாலிப வயதில் பன்னிரண்டு பேட்டரி செல்களுக்காக நான் போட்ட கணக்கு அது. அந்த செல்கள் மண்ணோடு மண்ணாகி எத்தனையோ காலம் ஆகிறது, விடை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. விடையின் பின்னாலேயே ஒரு மனிதரின் குரலும் வரும். "டீயப் போடு தம்பி" என்று சொல்லும். அதைக் கேட்க எனக்குப் பயம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் நான் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தேன். ஊர் என்று சொல்லிக்கொள்ள அப்போது அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. காட்டை வெட்டிக் குடியேற்றப்பட்ட வங்காளிக் குடும்பங்கள், அரசாங்கத்தின் தகரக் கொட்டகைகள், ஒரு ரேஷன் கடை, அவ்வளவுதான். அரிசியிலிருந்து தீப்பெட்டி வரை எல்லாம் போர்ட் பிளேரிலிருந்து கப்பலிலோ லாஞ்சிலோ வர வேண்டும். கப்பல் வெளியே நின்றுவிடும். லாஞ்ச் மட்டும் பவளப்பாறைகளுக்கு நடுவே இருந்த ஒரு சந்து வழியாக உள்ளே நுழையும். அந்தச் சந்தை நாங்கள் வாய்க்கால் என்போம்.

அலைதடுப்புச் சுவரெல்லாம் பிறகு வந்த சமாச்சாரம். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்காலில் அலை உடைய ஆரம்பித்தால் லாஞ்ச் நுழையவே கூடாது. ஆனால் வெளியே இருந்து வருகிறவனுக்கு அது தெரியாது. கடல் பக்கமிருந்து பார்த்தால் அலையின் முதுகுதான் தெரியும், முதுகு எப்போதும் சாதுவாகவே இருக்கும். கரையில் இருப்பவன் கண்ணுக்குத்தான் வெள்ளை தெரியும். அந்தக் கண் நான். என் கொட்டகையின் ஜன்னல் நேராக வாய்க்காலைப் பார்த்திருந்தது. லாஞ்ச் வரும்போது வயர்லெஸ்ஸில் கேட்பார்கள். வரலாமா, கூடாதா என்று நான் சொல்ல வேண்டும். ஐந்து பேருடைய உயிர் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அது தெரியாமல் நான் ஒன்றும் செய்துவிடவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

லாஞ்சை ஓட்டிய சாரங்கு ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். குடும்பம் போர்ட் பிளேரை ஒட்டிய டாலிகஞ்சில் இருந்தது. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். என்னைத் தம்பி என்பார். நான் அவரைக் காக்கா என்பேன், அவர்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வரும்போதெல்லாம் பழைய வாரப் பத்திரிகைகளும், வீட்டில் கிண்டிய தொதல் என்ற இனிப்பும் கொண்டுவந்து தருவார். வயர்லெஸ்ஸில் இந்தியிலோ இங்கிலீஷிலோ பேச வேண்டும் என்பது விதி. நாங்கள் தமிழில்தான் பேசுவோம். எங்கள் பேச்சை எழுத்தெண்ணிக் கேட்க அந்தக் கடலில் வேறு யார் இருந்தார்கள்?

எங்கள் செட் ஓடியது பேட்டரியில். கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். பேசினால் பன்னிரண்டு செல்லையும் உறிஞ்சிவிடும். திரும்பச் சார்ஜ் செய்யச் சின்ன எஞ்சின் ஒன்று உண்டு. அதற்குப் பெட்ரோல் போர்ட் பிளேரிலிருந்து வர வேண்டும், அது வருகிற லட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே நானும் காக்காவும் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்பார். வாய்க்கால் நன்றாக இருந்தால் நான் பதில் சொல்ல மாட்டேன். மோசமாக இருந்தால் மட்டும் வாயைத் திறப்பேன். சத்தம் இல்லை என்றால் வரலாம். யோசனை என்னுடையது. "அட, ஒனக்கு மூளை இருக்கு தம்பி" என்று காக்கா முதுகில் தட்டினார். அந்த ஏற்பாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை.

புத்தகத்தில் எழுதியது வேறு. காலையில் பன்னிரண்டு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியைப் பார்த்து எழுத வேண்டும். அதற்கு ஹைட்ரோமீட்டர். ஒரு முனையில் ரப்பர் பந்து வைத்த கண்ணாடிக் குழாய், உள்ளே எண் போட்ட ஒரு சின்ன மிதவை. ஆசிட்டை உறிஞ்சி எடுத்தால் மிதவை எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அடர்த்தி. செல் தெம்பாக இருந்தால் ஆசிட் கனக்கும், மிதவை உயர்ந்து நிற்கும். செல் சோர்ந்தால் ஆசிட் நீர்த்துப்போகும், மிதவை இறங்கிவிடும். தண்ணீரை ஆயிரம் என்று வைத்தால் எங்கள் செல்லின் நல்ல அளவு 1240.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. எந்தத் திரவமும் சூட்டில் விரியும், விரிந்தால் அடர்த்தி குறையும். செல்லில் ஒரு கோளாறும் இல்லாமலே வெயில் நாளில் எண் இறங்கும், மழை நாளில் ஏறும். அதற்கு ஒரு சூத்திரம் இருந்தது. இருபத்தேழு டிகிரியில் 1240. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் முக்கால் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகக் கழிக்க வேண்டும், கீழே போனால் அதே அளவு கூட்ட வேண்டும். நான் ரசாயனம் படித்தவன். படித்த படிப்புக்கு அந்தத் தீவில் மிஞ்சியிருந்த ஒரே வேலை இதுதான் என்பதால் இதில் எனக்கு அபாரப் பெருமை.

பெருமை விளையாட்டாகவும் ஆனது. தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு, இன்றைக்கு 1239 என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிறகு ஆசிட்டை உறிஞ்சிப் பார்ப்பேன். 1239 நிற்கும். நாலு நாள், பத்து நாள், ஒரு மாதம், நான் சொன்னது தவறவே இல்லை. கிராஃப் தாளில் ஒரு கோடு போட்டுச் சுவரில் ஒட்டி வைத்தேன். காக்கா அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பொண்ணு ஜாதகமா?" என்று கேட்டார்.

ஊருக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிப் போட்டிருந்தேன். அதற்குப் பதில் என் கையாலேயே எழுதும்படி வந்தது. ஒரு காலையில் போர்ட் பிளேர் ஆபரேட்டர் செய்தி அனுப்ப, நான் எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டு வருகிறேன், கடைசியில் படித்தால், ஹட் பே ஆபரேட்டரின் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று இருக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்றைக்கும் வந்தது. மேசையை ஓங்கிக் குத்தினேன். மேசை ஓரத்தில் துடைத்து வைத்திருந்த ஹைட்ரோமீட்டர் உருண்டு சிமெண்ட் தரையில் விழுந்தது.

உடைத்தேன் என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் என் கோப்பில் ஏறினால் அடுத்த மாற்றலும் போச்சு. என் புத்தி அந்தத் தடத்திலேயே ஓடியது. சில்லுகளைப் பொறுக்கித் தேங்காய் மட்டைக்குள் போட்டு மூடினேன். அடுத்த தடவை காக்கா வந்தபோது அவரிடம் மட்டும் சொன்னேன். "காக்கா, போர்ட் பிளேர்ல யார்கிட்டயாவது சொல்லி ஒண்ணு வாங்கிட்டு வாங்க. வெளிய தெரிய வேண்டாம்."

"இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. கெடைக்கலன்னா மெயின்லேண்டுலேர்ந்து வரவழைக்கிறேன். நீ சும்மா இரு."

மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் புத்தகத்தை வெறுமையாக விட முடியுமா? தெர்மாமீட்டரைப் பார்த்தேன், சூத்திரத்தைப் போட்டேன், பன்னிரண்டு கட்டத்தையும் நிரப்பினேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி கூட்டி, இன்னொன்றுக்கு ஒன்று குறைத்து எழுதினேன். ஏழாம் செல்லுக்கு எப்போதும் ஒரு புள்ளி குறைத்தே போடுவேன். காரணம் ஒன்றும் இல்லை, கை அப்படிப் போனது.

செல் ஆரோக்கியமாக இருந்தால் அதன் ஆசிட் எப்படி இருக்கும் என்பதைத்தான் சூத்திரம் சொல்லும். செல் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தினமும் உறிஞ்சிப் பார்க்கச் சொன்னார்கள். இவ்வளவு படித்தவனுக்கு இது புரியாதா என்றால், புரியும். ஒரு மாதம் தவறாமல் சரியாக வந்த கணக்கு இனிமேலும் சரியாகவே வரும் என்று நான் நம்பிவிட்டேன்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. மூன்றாவது வாரக் கடைசியில் போர்ட் பிளேர் ஆபரேட்டர், "உன் சிக்னல் ரொம்ப மெலிசாக வருகிறது, பேட்டரியைப் பார்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நேற்று 1241, முந்தாநாள் 1240. என் கையெழுத்தில், நானே இட்டுக்கட்டிய எண்கள். அதைப் பார்த்துவிட்டு, "பேட்டரி டீக் ஹை, மழைக்காலம், வேறொன்றுமில்லை" என்று பதில் சொன்னேன். பெட்ரோலும் டின்னில் கையளவுதான் கிடந்தது. எண் நன்றாக இருக்கும்போது எஞ்சினை எதற்கு ஓட்டுவது என்று சும்மா இருந்துவிட்டேன். மறுநாள் காலை வருகிற லாஞ்சில் பெட்ரோலும் வருவதாக இருந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. வெப்பம் இருபத்துநான்கு. 1242 என்று எழுதி, ஏழாவதற்கு 1241 போட்டேன். ஜன்னலைத் திறந்தேன். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது, காற்றே இல்லை. ஆனால் எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை வந்து சேர்ந்திருந்தது. வாய்க்கால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

ஏழரைக்குச் செட்டில் காக்காவின் குரல் வந்தது. "ஹட் பே, ஹட் பே. தம்பி, இருக்கியா? வாய்க்கா எப்புடிக் கெடக்கு?"

மைக்கின் பொத்தானை அழுத்தி, "வராதீங்க" என்றேன். செட்டின் விளக்கு அணைந்துவிட்டது. பொத்தானை விட்டேன், விளக்கு மெதுவாக உயிர் பெற்றது, இரைச்சல் கேட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி செத்தது. கேட்பதற்கு இருந்த தெம்பு பேசுவதற்கு இல்லை. வோல்ட்மீட்டரைப் பார்த்தால் முள் ஒழுங்காகத்தான் நிற்கிறது. பாரம் ஏற்றாதவரை நோஞ்சானும் நிமிர்ந்துதான் நிற்பான்.

"தம்பி, ரெண்டாவது தடவை கூப்புடுறேன். வாய்க்கா எப்புடி?"

அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். "வராதீங்க காக்கா, வராதீங்க" என்று அந்தச் செத்த மைக்கில் கத்தினேன். கை ஓய்ந்து பொத்தானை விட்டபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"சத்தம் இல்ல. அப்ப நல்லாத்தான் இருக்கு. உள்ள வர்றோம் தம்பி. ஒன் சாமான் பத்திரமா இருக்கு. டீயப் போடு."

கொடியில் கிடந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு ஓடினேன். கொட்டகையிலிருந்து கரை கூப்பிடு தூரம்தான். நான் மணலில் கால் வைத்தபோது லாஞ்ச் வாய்க்காலுக்குள் இருந்தது. துண்டை வீசினேன். அவர் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், லாஞ்சின் மூக்கு திரும்பத் தொடங்கியது. பின்னால் வந்த அலை குறுக்கே கிடந்த லாஞ்சைத் தூக்கிப் பாறையில் வைத்தது. சாமான் இறக்கக் காத்திருந்த வங்காளிகள் கயிற்றோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நான்கு பேரை இழுத்துப் போட்டார்கள். ஐந்தாவது ஆள் வரவே இல்லை. கடல் அவரைத் திருப்பித் தரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு குடியேற்றக்காரர் கையில் ஒரு மூங்கில் குழாயோடு என் வாசலில் வந்து நின்றார். கரையில் ஒதுங்கியிருந்ததாம். இரண்டு பக்கமும் மெழுகு வைத்து அடைத்திருந்தது. பக்கவாட்டில் கத்தியால் கீறித் தமிழில் 'தம்பிக்கு' என்று எழுதியிருந்தது. "வயர்லெஸ் பாபு, யே ஆப்கா ஹை கியா?" என்று கேட்டார், என்னுடையதா என்று. அந்த எழுத்தை அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்த மாதிரி எழுத்து எழுதுகிறவன் அங்கே நான் ஒருவன்தான் என்பது தெரியும்.

உள்ளே தேங்காய் நாருக்கு நடுவில் புது ஹைட்ரோமீட்டர். ஒரு கீறல் இல்லை. கதவைச் சாத்திவிட்டு முதல் செல்லில் உறிஞ்சினேன். 1190. இரண்டாவது 1185. ஒவ்வொன்றாக வந்து ஏழாவதில் உறிஞ்சியபோது மிதவை ஆழத்தில் போய்க் குந்திக்கொண்டது. 1100. ஏறக்குறைய நீர்த்தே போயிருந்தது. ஒரே நாளில் அப்படி ஆகாது. உறிஞ்சிப் பார்த்திருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த ஒரு செல்லை விலக்கிவிட்டு, இருந்த பெட்ரோலில் மற்றவற்றைச் சார்ஜ் செய்திருந்தால் 'வராதீங்க' என்ற ஒரு சொல் கடலுக்குப் போயிருக்கும்.

தெர்மாமீட்டரில் இருபத்தைந்து. சூத்திரப்படி 1241. விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று செய்தி வந்துவிட்டிருந்தது. உண்மையான அளவு கையில் சொட்டிக்கொண்டிருக்க, நான் பேனாவை எடுத்துப் பதினொரு கட்டத்தில் 1241, 1242 என்று எழுதினேன். ஏழாவதற்கு மட்டும் 1100 என்று உள்ளதைப் போட்டு, விபத்தன்று திடீரென்று உள்ளே ஷார்ட் ஆகியிருக்க வேண்டும் என்று குறிப்புப் போட்டேன். முன்பு செய்ததைத் தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இதைச் செய்தபோது நான் வேறு ஆளாகிவிட்டேன்.

அதிகாரி வந்தார், பக்கங்களைப் புரட்டினார். இவ்வளவு சுத்தமான புத்தகத்தை இந்தத் தீவுகளில் பார்த்ததில்லை என்றார். முன்கூட்டி அறிய முடியாத பழுது, ஆபரேட்டர் மீது குற்றமில்லை என்று எழுதினார். பிழைத்த நால்வரும், பதில் வரவில்லை என்று மட்டும் சொன்னார்கள். ஏற்பாடு என்னையும் காக்காவையும் தவிர யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரி மாற்றினார்கள். காலை ஏழரைக்கு நான் செட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். லாஞ்ச் வராத நாளிலும் கை தானாக டீ போட்டுவிடும், இரண்டு டம்ளர். இரைச்சலுக்குள் யாரோ தம்பி என்பதுபோல் இருக்கும். பொத்தானை அழுத்தி, "வராதீங்க" என்பேன். விளக்கு அணையாது. என் குரல் ஜோராகக் கடலைத் தாண்டிப் போகும். "ஹட் பே, கிஸ்கோ போல் ரஹே ஹோ?" என்று போர்ட் பிளேர் கேட்கும், யாரிடம் பேசுகிறாய் என்று.

நாலைந்து மாதத்தில் மாற்றல் வந்தது. ஒழுங்கான ஊழியன் என்று குறிப்போடு வந்தது. மெயின்லேண்ட் கப்பலுக்குப் போர்ட் பிளேரில் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. டாலிகஞ்சுக்குப் போனேன்.

காக்காவின் மனைவியை நான் அக்கா என்பேன். கணவன் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா அவருக்கு முடிந்திருந்தது. அக்காவின் தம்பி என்னைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுக் கடையைப் பார்க்க வாசல் பக்கம் போனார். உள் அறைத் திரைக்குப் பின்னால் அக்கா வந்து நிற்பது தெரிந்தது. திரைக்குக் கீழே கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"கடைசியா ஒங்ககிட்டத்தான் பேசுனாகளாமே தம்பி. என்ன சொன்னாக?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து வழியெல்லாம் பதில் தயார் செய்திருந்தேன். ஒரு நல்ல மனிதர் கடைசியாக என்ன பேசியிருப்பாரோ அதை. "வீட்டைப் பத்திதான் அக்கா பேசினார். உங்களையும் பிள்ளைகளையும் பத்திரமா இருக்கச் சொல்லுன்னார்."

கால் விரல்கள் திரையை ஒட்டி முன்னால் வந்தன.

"அவுக அப்புடிப் பேசுற ஆளில்ல தம்பி. கடல்ல நிக்கிறப்ப வீட்ட நெனைக்கக் கூடாதும்பாக. என்ன சொன்னாகளோ அதச் சொல்லுங்க."

அப்போதுதான் நான் உடைந்தேன். சொன்னேன். சத்தம் இல்ல, அப்ப நல்லாத்தான் இருக்கு, டீயப் போடு. அந்த மூன்றையும் அவர் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"அதான் அவுக" என்றார். பிறகு, "ஒங்க ரெண்டு பேரு ஏற்பாடு எனக்குத் தெரியும். சத்தம் இல்லன்னா வரலாம்னு. எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாக. அன்னைக்கு ஏன் தம்பி நீங்க சத்தம் குடுக்கல?"

எல்லாவற்றையும் சொன்னேன். மேசையைக் குத்தியது, கண்ணாடி உடைந்தது, மூன்று வாரமும் தெர்மாமீட்டரைப் பார்த்துப் புத்தகத்தை நிரப்பியது, மூங்கில் குழாய் வந்த பிறகும் பொய் எழுதியது. நடுவில் நிறுத்தவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். திட்டுவார், அழுவார், தன் தம்பியைக் கூப்பிடுவார் என்று எதையாவது எதிர்பார்த்தேன்.

ஒன்றும் வரவில்லை. விரல்கள் அதே இடத்தில் இருந்தன. வாசலில் யாரோ சர்க்கரை கேட்டார்கள், பொட்டலம் கட்டும் சத்தம் கேட்டது. "அக்கா" என்றேன். இரண்டாவது தடவையும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. எங்கள் ஏற்பாட்டின்படி அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அர்த்தத்தை எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.